அறுபதாவது ஆள்

2009 ஆகஸ்ட். நியூஜெர்சியில் இருக்கும் அண்ணனுக்கு, அதாவது பெரியம்மா மகனுக்கு, வேலை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஃபோனில் அவன் வேலையைப் பற்றிப் பேசியதைவிடக் கோப்ராவைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். "கோப்ராவுக்கு எழுதிக் கொடுத்தாச்சு", "இந்த மாசக் கோப்ரா கட்டணும்". பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா, நான் ஃபோனை வைத்ததும் கவலையோடு கேட்டார்: "வேலை போன நேரத்துல இவன் எதுக்குடா பாம்பு வளர்க்கிறான்?"

பாம்பு இல்லை, காப்பீடு. அமெரிக்காவில் வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலோருக்கு மருத்துவக் காப்பீடு முதலாளி வழியாகத்தான் வருகிறது. வேலை போனால் அதுவும் கூடவே போய்விடும். 1986இல் வந்த ஒரு சட்டம், பழைய காப்பீட்டிலேயே பொதுவாக 18 மாதம்வரை தொடரலாம் என்றது; ஆனால் முதலாளி கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழுச் சந்தாவை நீங்களே கட்ட வேண்டும். குடும்பத்துக்கு அது மாதம் ஆயிரம் டாலரைத் தாண்டும். சம்பளம் நின்றுபோன மாதத்தில்! அந்தச் சட்டத்தின் நீண்ட பெயரிலுள்ள முதலெழுத்துகளைக் கோத்தால் கோப்ரா. அந்த வருடம் பொருளாதாரம் படுத்துக் கிடந்ததால் சந்தாவில் பாதிக்குமேல் அரசு ஏற்றுக்கொண்டது. அண்ணன் தப்பித்தது அப்படித்தான்.

அந்தச் சட்டத்துக்காக உழைத்தவர்களில் ஒருவர் மாசசூசெட்ஸ் செனட்டர் எட்வர்ட் கென்னடி. ஜான் கென்னடிக்கும் ராபர்ட் கென்னடிக்கும் கடைசித் தம்பி. ஊர் அவரை டெட் என்றுதான் கூப்பிட்டது. அதே ஆகஸ்ட்டில், 25ஆம் தேதி செவ்வாய்க்கிழமை இரவு, ஹயானிஸ் போர்ட்டில் கடலைப் பார்த்த தன் வீட்டில், மூளைப் புற்றுநோயால் 77 வயதில் இறந்தார்.

ஒபாமாவின் சுகாதாரச் சீர்திருத்தம் நாடாளுமன்றத்தில் இழுபறியில் கிடந்த நேரம் அது. அடக்கத்துக்கு முன்பே அவர் பெயரைப் பங்குபோடும் வேலை தொடங்கிவிட்டது. டெட்டுக்காக இந்த மசோதாவை நிறைவேற்றுங்கள், அவர் பெயரையே அதற்கு வையுங்கள் என்றது ஒரு தரப்பு. டெட் இருந்திருந்தால் எங்களோடு உட்கார்ந்து பேசிப் பாதி வழி வந்திருப்பார், இந்த மசோதாவையே மாற்றியிருப்பார் என்றது எதிர்த்தரப்பு. மரணத்தை அரசியல் ஆக்காதீர்கள் என்று மூன்றாவதாக ஒரு குரல். 2002இல் பால் வெல்ஸ்டோன் என்ற செனட்டர் விமான விபத்தில் இறந்தபோது, அவருக்கான நினைவுக்கூட்டம் தேர்தல் பிரசாரம் போல ஆகி, மக்கள் முகம் சுளித்து, அவர் கட்சி அந்தத் தொகுதியையே இழந்தது. அந்த ஞாபகம் எல்லோருக்கும் இருந்தது. ஆனாலும் பாஸ்டன் தேவாலயத்தில் நடந்த இறுதித் திருப்பலியில், கென்னடியின் பேரப்பிள்ளைகளில் ஒருவன், எல்லோருக்கும் நல்ல மருத்துவம் உரிமையாகக் கிடைக்க வேண்டும் என்று மன்றாட்டு வாசித்தான். செத்தவர் வாழ்நாளெல்லாம் பேசியதைப் பேரன் ஒரு வரியில் சொன்னது அரசியல் என்றால், அவருடைய சாவை வேறு எப்படித்தான் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சண்டையில் இரண்டு தரப்பும் மறந்த ஒன்று உண்டு. அதற்கு முன் அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவர் புனிதரில்லை. 1969இல் சாப்பாக்விடிக் தீவில் அவர் ஓட்டிய கார் பாலத்திலிருந்து நீரில் விழுந்தது. உடன் இருந்த 28 வயதுப் பெண் மேரி ஜோ கோபெக்னி இறந்தார். கென்னடி போலீஸிடம் சொன்னது மறுநாள் காலையில். நிறுத்திவைக்கப்பட்ட இரண்டு மாதத் தண்டனையோடு வழக்கு முடிந்தது. பெரிய வீட்டுப் பிள்ளையாக இல்லாவிட்டால் இப்படி முடிந்திருக்குமா என்று கேட்டவர்களுக்கு அவரிடம் பதில் இருக்கவில்லை. நாற்பது வருடம் எத்தனை சட்டம் கொண்டுவந்தாலும் அந்தக் கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

1973இல் அவருடைய 12 வயது மகனுக்கு எலும்புப் புற்றுநோய். ஒரு காலை எடுத்தார்கள். அதன்பின் பாஸ்டனில், அப்போது சோதனைக் கட்டத்தில் இருந்த ஒரு சிகிச்சை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடம். இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு நியூஸ்வீக் இதழில் அவர் எழுதிய கட்டுரையில் இது வருகிறது. சோதனை நடக்கும்வரை மருந்து இலவசம். நல்ல பலன் தெரிந்ததும் சோதனை முடிந்தது. இனி ஒவ்வொரு முறைக்கும் 3,000 டாலர் கட்ட வேண்டும் என்றார்கள். கென்னடிக்குச் செனட்டரின் காப்பீடு இருந்தது, குடும்பச் சொத்தும் இருந்தது. அதே நடைக்கூடத்தில் காத்திருந்த மற்றப் பெற்றோர் வீட்டை விற்றார்கள், அடமானம் வைத்தார்கள். பாதி சிகிச்சைக்குத்தான் பணம் இருக்கிறது, அதோடு நிறுத்தினால் பிள்ளை பிழைக்க எவ்வளவு வாய்ப்பு என்று டாக்டரிடம் கேட்டார்கள். கேட்டுக்கொண்டு நின்றவர் நாட்டின் சட்டத்தை எழுதுகிறவர்.

சரி, அவர் விட்டுக்கொடுக்கும் ஆளா, கொடுக்காத ஆளா? இரண்டும்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரே அரசுக் காப்பீடு என்று நின்றார். முதலாளிகள் தொழிலாளர்களுக்குக் காப்பீடு தரவேண்டும் என்ற திட்டத்தோடு வந்தவர் அதிபர் நிக்ஸன், குடியரசுக் கட்சிக்காரர். கென்னடிக்கு அது போதவில்லை. 1974இல் அவர் கொஞ்சம் இறங்கிவந்து நடுவே ஒரு திட்டம் வைத்தார்; தொழிற்சங்கங்கள் அதையும் ஏற்கவில்லை. வாட்டர்கேட் ஊழலின் நாற்றத்தில் வரும் தேர்தலில் நம் ஆட்கள் இன்னும் அதிகம் வருவார்கள், அப்போது முழுசாக வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்கள். ஆகஸ்டில் நிக்ஸன் பதவியை விட்டுப் போனார். கூடவே திட்டமும் போனது. அன்றைக்கு நிக்ஸன் கொடுத்ததை வாங்கியிருக்க வேண்டும் என்று பின்னாளில் கென்னடியே வருந்தினார். அதற்குப் பிறகு அவர் கிடைத்ததைக் கிடைத்தபோது வாங்குகிறவராக மாறினார்: வேலை போனவனுக்குக் கோப்ரா, 1997இல் குடியரசுக் கட்சி நண்பர் ஆரின் ஹாட்ச்சோடு சேர்ந்து சிகரெட் வரியிலிருந்து குழந்தைகளுக்குக் காப்பீடு, 2006இல் தன் மாநிலத்தின் காப்பீட்டுச் சட்டத்துக்காக எதிர்க்கட்சி ஆளுநர் மிட் ராம்னியோடு ஒரே மேடை.

மறந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கச் செனட்டில் 100 பேர். சட்டம் நிறைவேற 51 போதும். ஆனால் ஒருவர் விவாதத்தை முடிக்கவிடாமல் இழுத்தடித்தால், அதை நிறுத்த 60 கை வேண்டும். ஆகவே அந்த அவையில் உண்மையான பெரும்பான்மை 60தான். அனுதாபத்துக்கு அங்கே வாக்கு கிடையாது. நாற்காலியில் ஆள் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம்.

இது கென்னடிக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. 2008 ஜூனில் முதியோர் காப்பீடான மெடிகேரில் டாக்டர்களுக்குத் தரும் தொகை பத்து சதவீதத்துக்குமேல் வெட்டுப்பட இருந்தது. அதைத் தடுக்கும் மசோதா ஒரே ஒரு வாக்கில் 60ஐத் தொடாமல் விழுந்தது. கென்னடி அப்போது மூளை அறுவை முடிந்து சிகிச்சையில் இருந்தார். ஜூலை 9 அன்று, யாரும் எதிர்பாராத நேரத்தில், ஒபாமாவும் சிலரும் கூடவர அவைக்குள் நடந்து வந்தார். இரு கட்சியும் எழுந்து நின்று கை தட்டியது. அவர் போட்டது அறுபதாவது வாக்கு. இனித் தடுத்து லாபமில்லை என்று தெரிந்ததும் எதிர்த்தரப்பிலிருந்து ஒன்பது பேர் இந்தப் பக்கம் தாவினார்கள், 69-30. ஒரு நோயாளி எழுந்து வந்ததற்கு இதைவிட நல்ல கணக்கு நான் பார்த்ததில்லை.

மறு வருடம் அப்படி எழுந்து வர முடியவில்லை. அவர் தலைவராக இருந்த செனட் குழுவே ஜூலையில் மசோதாவை 13-10 என்று நிறைவேற்றியபோது, நண்பர் கிறிஸ் டாட்தான் அவர் இடத்திலிருந்து நடத்தினார். ஆகஸ்டில் ஊர் ஊராகக் கூச்சல். கீழவையின் மசோதாவில் ஒரு சின்னப் பிரிவு இருந்தது: நோயாளி விரும்பினால், தன் கடைசி நாட்கள் எப்படி இருக்க வேண்டும் என்று டாக்டரிடம் கலந்து பேசலாம், பேசிய நேரத்துக்கு டாக்டருக்கு மெடிகேர் பணம் தரும். இதற்குத்தான் குடியரசுக் கட்சியின் சாரா பேலின் மரணக் குழு என்று பெயர் வைத்தார். பாட்டியைச் சாகடிக்க அரசாங்கம் குழு போடுகிறது என்று முழு மாதமும் சத்தம். செனட்டின் நிதிக் குழு பயந்துபோய் அந்தப் பேச்சையே கைவிட்டது. அதே நாட்களில் ஹயானிஸ் போர்ட்டில் ஒரு பணக்கார நோயாளி, எதுவரை மருந்து, எப்போது ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வந்து படகில் ஏறுவது என்று எல்லாவற்றையும் தன் டாக்டர்களோடு நிதானமாகப் பேசி முடிவெடுத்துக்கொண்டிருந்தார்.

சாவதற்கு முன் அவர் எழுதிய கடிதங்களில் ஒன்றை ஒபாமா செப்டம்பர் 9 அன்று நாடாளுமன்றத்தில் மேற்கோள் காட்டினார். எல்லோரும் உருகினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு கடிதம். அது மாசசூசெட்ஸ் தலைவர்களுக்கு: என் இடம் காலியானால், இடைத்தேர்தல் வரைக்கும் ஒருவரை ஆளுநர் நியமிக்கும்படி சட்டத்தை மாற்றுங்கள். இதில் ஒரு அசிங்கம் உண்டு. ஆளுநருக்கு அந்த அதிகாரம் முன்பு இருந்தது. 2004இல் ஆளுநர் எதிர்க்கட்சி ராம்னி என்பதால் கென்னடியின் இதே ஜனநாயகக் கட்சி அதைப் பிடுங்கியது. இப்போது ஆளுநர் தங்கள் ஆள், திருப்பிக் கொடுங்கள் என்கிறார்கள். வெட்கக்கேடுதான். ஆனால் செய்தார்கள். கென்னடியின் பழைய உதவியாளர் பால் கிர்க் செப்டம்பரில் வந்து உட்கார்ந்தார். டிசம்பர் 24 காலை செனட்டில் 60-39. சக்கர நாற்காலியில் வந்த 92 வயது செனட்டர் ராபர்ட் பர்ட், தன் நண்பன் டெட்டுக்காக என்று சொல்லி ஆமாம் போட்டார்.

பிறகு ஜனவரி 19. கென்னடி 47 வருடம் வைத்திருந்த தொகுதியில் இடைத்தேர்தல். பழைய டிரக்கில் ஊர் சுற்றிய குடியரசுக் கட்சி வேட்பாளர் ஸ்காட் பிரவுன், இது கென்னடிகளின் நாற்காலி இல்லை, மக்களின் நாற்காலி என்று சொல்லி ஜெயித்தார். எங்கள் மாநிலத்துக்குத்தான் 2006லேயே காப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டதே, இனி ஊருக்கு வேறு நாங்கள் கட்ட வேண்டுமா என்பதும் அவர் வாதம். கென்னடி கைகொடுத்த சட்டமே கென்னடியின் சட்டத்துக்கு எதிர்சாட்சி சொன்னது.

அறுபது ஐம்பத்தொன்பது ஆனது. இரு அவைகளும் உட்கார்ந்து மசோதாவைச் செதுக்கிச் சரிபண்ணி, மறுபடி செனட்டுக்கு அனுப்பும் வழி அடைபட்டது. கீழவை, செனட் அனுப்பிய வரைவை ஒரு வார்த்தை மாற்றாமல் மார்ச் 21 அன்று 219-212 என்று நிறைவேற்றியது; பண விஷயங்களுக்கு மட்டும் தனியாக ஒரு திருத்தச் சட்டம், அதற்கு 51 போதும். 23ஆம் தேதி ஒபாமா கையெழுத்திட்டார். கென்னடியின் இளைய மகன் ஆர்லிங்டன் கல்லறையில் அப்பாவுக்கு ஒரு சீட்டு எழுதி வைத்தார், முடிக்காமல் விட்டது முடிந்தது என்று.

முடியவில்லை. திருத்தப்படாத வரைவாகவே போன சட்டத்தில், மாநிலம் நிறுவிய சந்தையில் காப்பீடு வாங்குகிறவருக்கு மானியம் என்று ஒரு வரி. முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் சந்தையை நடத்தியது மத்திய அரசு. அப்படியானால் அங்கே மானியம் இல்லையா என்று வழக்குப் போட்டார்கள். பல லட்சம் பேரின் காப்பீடு அந்த ஒரு சொற்றொடரில் தொங்கியது. 2015 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று சட்டத்தைக் காப்பாற்றியது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் தன் தீர்ப்பிலேயே சட்டம் எழுதப்பட்ட லட்சணத்தைக் குட்டினார். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் காலி நாற்காலிதான் தெரிகிறது. டெட் இருந்திருந்தால் என்ற பேச்செல்லாம் ஊகம். இது ஊகமில்லை, அச்சில் இருக்கிறது.

டெட் இருந்திருந்தால் என்று 2009இல் சொன்னவர்களில் ஜான் மெக்கெய்னும் ஒருவர். குடியரசுக் கட்சிச் செனட்டர், கென்னடியின் நண்பர், சட்டத்துக்கு எதிராக வாக்களித்தவர். 2017இல் டிரம்ப் ஆட்சியில் அந்தச் சட்டத்தைப் பிரித்துப்போட மசோதா வந்தபோது, அவருக்கும் மூளைப் புற்றுநோய் என்று தெரியவந்திருந்தது. கென்னடிக்கு வந்த அதே வகை. தலையில் தையலோடு அரிசோனாவிலிருந்து விமானம் ஏறி வந்தார். ஜூலை 28, நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி. வியட்நாம் போரில் முறிந்த கைகள் தலைக்குமேல் எழாது. வலது கையை முன்னால் நீட்டி, கட்டைவிரலைக் கீழே கவிழ்த்தார். 49-51. மசோதா விழுந்தது.

அடுத்த வருடம் இறந்தார். அதுவும் ஆகஸ்ட் 25. நண்பனுக்குச் செய்த கடைசி மரியாதை என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. அவர் சொன்ன காரணம் அதுவல்ல. விசாரணைக் கூட்டம் நடத்தாமல், எதிர்க்கட்சியோடு பேசாமல், ஒரு கட்சி மட்டும் அவசரமாகச் சட்டம் எழுதுவது பிடிக்கவில்லை என்றார். எனக்கு அந்தக் காரணமே போதும். அவரோடு சேர்த்து அவர் கட்சியில் மூன்று பேர் அன்றிரவு இல்லை என்றார்கள். மற்ற இருவர் பெண்கள், சூசன் காலின்ஸும் லிசா முர்கௌஸ்கியும். கட்டைவிரல் இல்லாததால் அவர்களை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.