ஆடுகளத் தட்டுக்கும் ஆலையில் இடம் வேண்டும்

இசைத்தட்டு மறுபடி உயிர்பெற்றுவிட்டது என்ற கொண்டாட்டம் சில ஆண்டுகளாகவே நடக்கிறது. கணக்கும் அதற்கு ஏற்றபடிதான் இருக்கிறது: 2022இல் அமெரிக்காவில் 4.1 கோடி வினைல் ஆல்பங்கள் விற்றன, சிடி 3.3 கோடி. எண்ணிக்கையில் வினைல் சிடியை முந்தியது 1987க்குப் பிறகு அதுவே முதல் முறை. ஆனால் இந்தக் கொழுத்த காலத்தின் பலன் மெலிந்த காலத்தில் தட்டைக் கைவிடாதவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. டெக்னோ, ஹவுஸ் இசைக்கான புதிய 12 அங்குலத் தட்டுகளை வெளியிடும் சிறு லேபிள்களைத்தான் சொல்கிறேன்.

நடனக் கூடத்துக்காகவே பிறந்த வடிவம் அது. 1976இல் நியூயார்க்கின் சால்சோல் நிறுவனம் ‘டென் பெர்சென்ட்’ பாடலை 12 அங்குலத் தட்டாகக் கடைக்கு அனுப்பியது. மூன்று நிமிடப் பாட்டை வால்டர் கிப்பன்ஸ் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு நீட்டியிருந்தார். ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு என்பதால் பள்ளங்களை அகலமாக வெட்டலாம். அடித்தாளம் கனமாக, உரக்க ஒலிக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தாளம் அடங்கும் இடம் கருமையாகவும், நிறையும் இடம் வெளிறியும் தெரியும். ஊசியை எங்கே வைப்பது என்பதை டிஜே கண்ணாலேயே முடிவு செய்துகொள்வார். சிகாகோவின் ஹவுஸும் டெட்ராய்ட்டின் டெக்னோவும் 1980களில் இந்தத் தட்டில் ஏறித்தான் ஊர் ஊராகப் போயின. 1989இல் பெர்லினில் திறந்த ‘ஹார்ட் வாக்ஸ்’ கடை அவற்றை ஐரோப்பாவுக்கு வரவழைத்துக் கொடுத்தது. பாப் உலகம் சிடிக்கு மாறியபோது பல ஆலைகளின் இயந்திரங்கள் துருப்பிடிக்காமல் ஓடியதற்கு இந்த இசையும் ஒரு முக்கியக் காரணம்.

பிறகு பெரிய இசை நிறுவனங்கள் தட்டுக்குத் திரும்பி வந்தன. 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அப்பல்லோ ஆலை எரிந்தது. முதல் வெட்டுக்கு வேண்டிய லாக்கர் தட்டைத் தயாரிக்க உலகில் மிஞ்சியது ஒரேயொரு ஜப்பானிய நிறுவனம். கொரோனாவும் சேர்ந்துகொள்ள, ஆலைகளில் வரிசை நீண்டது. லாக்கர் வெட்டும் செலவு 300 தட்டுக்கும் 30,000 தட்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆலைக்காரர் யாரை முதலில் கவனிப்பார் என்று சொல்லவா வேண்டும்? கோடைக்கென்று செய்த பாட்டு மறு குளிர்காலத்தில் வந்து சேர்ந்தது. இப்போது புதிய ஆலைகள் வந்து காத்திருப்பு குறைந்திருக்கிறது. விலை இறங்கவில்லை.

டிஜேக்களே பென்டிரைவ் கொண்டுபோகிற காலத்தில் தட்டு எதற்கு என்று கேட்கலாம். துல்லியத்தில் டிஜிட்டல்தான் மேல். அதை மறுப்பது வீம்பு. ஆனால் இணையத்தில் ஏற்றுவதற்குச் செலவில்லை, அதனால் எதையும் ஏற்றலாம். 300 தட்டுக்குக் கைக்காசு போடுகிறவர் அந்தப் பாட்டைப் பத்து முறை கேட்ட பிறகே ஆலைக்கு அனுப்புவார். அந்தத் தயக்கம்தான் இன்றைக்கு இந்த இசைக்கு வாய்த்த நல்ல வடிகட்டி. அப்படியானால் காசுள்ளவன்தான் தட்டுப் போட முடியுமா என்ற கேள்வி நியாயமானது. விநியோகஸ்தரே அச்சுச் செலவை ஏற்று விற்பனையில் கழித்துக்கொள்ளும் வழக்கம் இத்துறையில் நெடுங்காலமாக இருப்பதால், அந்தக் கதவு முழுதாக மூடவில்லை. பிவிசி பிளாஸ்டிக் சுற்றுச்சூழலைக் கெடுக்கிறது என்பதும் உண்மை. ஆனால் குற்றத்தை யார் தலையில் வைப்பது? 2022இல் டெய்லர் ஸ்விஃப்டின் ‘மிட்நைட்ஸ்’ ஆல்பம் நான்கு அட்டைகளில் வந்தது. நான்கையும் சேர்த்து வைத்தால்தான் அவற்றிலுள்ள கடிகாரப் படம் முழுமையாகும். உறை பிரிக்காமலே அலமாரியில் கிடக்கும் பிரதிகளை விட்டுவிட்டு, தேயும்வரை ஓடும் 300 தட்டின்மீது பழி போடுவது எந்த ஊர் நியாயம்?

2024 மார்ச்சில் ஜெர்மனி பெர்லின் டெக்னோவைத் தன் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டம் கொடுத்தாயிற்று, இனி அந்நாட்டு ஆலைகள் மாதத்தில் சில நாட்களையாவது 500க்குக் குறைவான தட்டுகளுக்கென ஒதுக்கட்டும்.