வீட்டுக்காரர் யார்?

தமிழில் ‘வீட்டுக்காரர்’ என்றால் கணவர். வாடகை வாங்குகிறவரும் வீட்டுக்காரர்தான். இரண்டு பதவிக்கும் ஒரே சொல் போதுமானதாக இருப்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

கொரட்டூரில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புத் தெருக்களில் நடந்து பாருங்கள். கீழே குடும்பம், மேலே ஒன்றோ இரண்டோ வாடகை போர்ஷன். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் பாடிக்கும் வேலைக்குப் போகிறவர்கள், மின்சார ரயிலைப் பிடித்து நகரத்துக்குப் போகிறவர்கள் என்று குடிவர எப்போதும் ஆள் உண்டு. ‘ஒரு மாடியை எழுப்பு, வாடகையே தவணையைக் கட்டிவிடும், பெண்ணே, நீ சுதந்திரமானவள்’ என்று முதலீட்டு ஆலோசகர்கள் சொல்வது இப்படிப்பட்ட இடங்களைப் பார்த்துத்தான்.

அந்த மாடியை நடத்துவது யார்? மோட்டார் போடுவது, தண்ணீர் லாரிக்குச் சொல்வது, கரண்ட் ரீடிங் எடுப்பது, வீடு பார்க்க வருகிறவர்களுக்குச் சாவியோடு படியேறுவது, காலி செய்துவிட்டுப் போன பிறகு அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்ப்பது எல்லாம் அம்மா. வாடகை மட்டும் ஐயாவின் கணக்குக்குப் போகிறது. கேட்டால், “வீடே அவ பேர்லதான் இருக்கு” என்பார்கள்.

பேரில் இருப்பதன் கதை இது. 2025 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் பெண்கள் பெயரில் பதிவாகும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைவு. நல்லதுதான், ஆனால் அந்த விலைக்குக் கொரட்டூரில் வீடு ஏது? சில வங்கிகள் பெண்களுக்கு வீட்டுக்கடன் வட்டியில் 0.05 சதவிகிதம் குறைக்கின்றன. 30 லட்சம் கடனுக்கு முதல் வருடம் ஏறத்தாழ 1,500 ரூபாய். இந்தச் சலுகைகளுக்காக நம் பெயர் இரவல் போகிறது. வருமான வரிச் சட்டத்துக்கு இந்த விளையாட்டு எப்போதோ தெரியும். கணவர் உரிய விலை பெறாமல் வீட்டை மனைவி பெயருக்கு மாற்றினால், பிரிந்து வாழும் உடன்பாட்டின் பேரில் அல்லாதவரை, வரிக் கணக்கில் அவரே உரிமையாளர் என்றது 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவு.

ஆகவே தொடங்க விரும்பும் தோழிகளுக்கு நான் சொல்வது வேறு. முதல் முதலீடு, கையெழுத்துப் போடாமல் இருப்பது. பிறந்த வீட்டில் அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, பட்டுப்புடவையோடு திரும்பி வருகிறோமே, அந்தக் கையெழுத்து. 1989இல் தமிழ்நாடு கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்தது, அதற்குள் திருமணமானவர்களை விட்டுவிட்டு. 2005இல் நாடாளுமன்றம் அந்தக் குறையையும் நீக்கியது. சட்டம் கொடுத்ததைச் சீர்வரிசைத் தட்டில் வைத்துத் திருப்பித் தருவது நாம்தான். (சொத்தே தீமை என்று மேடையில் முழங்கும் தோழர்களின் வீடு யார் பெயரில் இருக்கிறது என்று ஒருமுறை விசாரியுங்கள்.)

புகுந்த வீட்டில் ‘பவர்’ எழுதிக் கொடுக்காதீர்கள். வாடகை உங்கள் தனிக் கணக்கில் விழட்டும். ஒப்பந்தத்தில் உரிமையாளர் என்று உங்கள் கையெழுத்து இருக்கட்டும்.

கையெழுத்திட்டபின் இன்னொரு வீட்டுக்காரராக மாறிவிடவும் வேண்டாம். தனியாக வீடு தேடும் பெண்ணிடம் “வீட்டுக்காரர் என்ன பண்றார்?” என்று முதலில் கேட்பது பல இடங்களில் ஓனரம்மாதான். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாதவரை, குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. பத்து மாதம் கேட்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் பத்து மாதத் தொகையைப் புரட்ட முடியாமல்தான் எத்தனையோ பெண்கள் அடிக்கிற வீட்டிலேயே இருக்கிறார்கள்.

கடைசியாக, உயில். குழந்தையில்லாத இந்து விதவை உயில் எழுதாமல் இறந்தால், அவள் சொந்தமாகச் சம்பாதித்த சொத்துக்கூட முதலில் கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும் என்கிறது 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. பெற்றவர்கள் அவர்களுக்குப் பின்னால்தான். 2009இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அவள் சம்பளத்தில் எழும்பிய மாடி, துக்கம் விசாரிக்கக்கூட வராத கொழுந்தனுக்குப் போகலாம். அவளைப் பெற்றவள் வாடகை வீட்டில் இருக்கலாம். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. ஒரு வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சிகளும் போதும்.