எல்லாம் நின்ற பிறகு ஓடும் வண்டி
பழைய டீசல் என்ஜினுக்கு மவுசு. ஆனால் விஷயம் என்ஜினோடு முடிவதில்லை.

பஜாஜ் சேத்தக் 2020 ஜனவரியில் திரும்பி வந்தது. லூனா 2024ல் வந்தது. எழுபதுகளில் நடுத்தரக் குடும்பங்களைச் சுமக்கத் தொடங்கிய இந்த இரண்டு பெயர்களும் இன்று பாட்டரியில் ஓடுகின்றன. புகை இல்லை, சத்தம் இல்லை, உதைக்கவும் வேண்டாம். ஆனால் ஒரே ஒரு பந்தயத்தில் மட்டும் தாத்தா பேரனை ஜெயித்துவிட வாய்ப்பு உண்டு. வானில் வெகு உயரத்தில் ஓர் அணுகுண்டு வெடித்து, மின்காந்தத் துடிப்பு ஒன்று நாட்டின் மீது பரவியது என்று வைத்துக்கொள்வோம். ஷெட்டில் தூசி படிந்து கிடக்கும் ஆரம்ப கால சேத்தக் நாலு உதையில் கிளம்பிவிடக்கூடும். புதியதைப் பற்றி அவ்வளவு தைரியமாகச் சொல்ல முடியாது.

இது வெறும் கற்பனை அல்ல. 1962 ஜூலையில் அமெரிக்கா பசிபிக் கடலுக்கு மேலே 400 கி.மீ. உயரத்தில் 'ஸ்டார்ஃபிஷ் பிரைம்' என்ற சோதனையை நடத்தியது. சுமார் 1,400 கி.மீ. தள்ளி இருந்த ஹவாயில் கிட்டத்தட்ட 300 தெருவிளக்குகள் அணைந்தன. திருட்டு எச்சரிக்கை மணிகள் தாமாகவே அலறின. அதே ஆண்டு அக்டோபரில் சோவியத் யூனியன் கஜகஸ்தானுக்கு மேலே ஒன்றை வெடித்தபோது 570 கி.மீ. நீளத் தொலைபேசிக் கம்பித்தடத்தின் ஃப்யூஸ்கள் போயின.

வெடிப்பிலிருந்து கிளம்பும் காமா கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் மோதி எலக்ட்ரான்களை உதறிவிடுகின்றன. அவை பூமியின் காந்தப்புலத்தில் வளையும்போது, ஒரு நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரத்துக்குள், மீட்டருக்கு 50,000 வோல்ட் வரை எழும் துடிப்பு பிறக்கிறது. இதற்கு இ-1 என்று பெயர். கம்பிகளில் நுழைந்து நுண்ணிய சிப்களைச் சுடுவது இதன் வேலை. பின்னாலேயே வரும் இ-3 மந்தமானது. அது நிமிடக்கணக்கில் நீடித்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் மின்தடங்களையும் அவற்றின் டிரான்ஸ்ஃபார்மர்களையும் பதம் பார்க்கும். வண்டிக்கு எதிரி இ-1. மின்வாரியத்துக்கு இரண்டுமே எதிரி.

1983ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'தி டே ஆஃப்டர்' படத்தில் குண்டு வெடித்ததும் நெடுஞ்சாலையில் கார்கள் கூட்டமாக நின்றுபோகும். அந்தக் காட்சி பலர் மனதில் சட்டமாகவே பதிந்துவிட்டது. பேரழிவுக்குத் தயாராவதையே பொழுதுபோக்காகக் கொண்ட அமெரிக்கர்கள் 1980க்கு முந்தைய டீசல் பென்ஸ்களையும் துருப்பிடித்த பிக்கப் வண்டிகளையும் தேடி அலைவதற்கு இந்த நம்பிக்கைதான் காரணம்.

சோதித்துப் பார்த்தவர்களின் கணக்கு வேறு. அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த மின்காந்தத் துடிப்பு ஆணையம், 1986 முதல் 2002 வரையிலான மாடல்களில் 37 கார்களைத் துடிப்புக்கு உட்படுத்தியது. முடிவுகள் 2008ல் வெளியாயின. என்ஜின் அணைத்திருந்த கார்கள் ஒன்றுக்கும் எதுவும் ஆகவில்லை. ஓடிக்கொண்டிருந்தவற்றில் மூன்று கார்கள், துடிப்பு மீட்டருக்கு 30,000 வோல்ட் அளவை எட்டியபோது நின்றன. சாவியைத் திருப்பியதும் மறுபடி கிளம்பக்கூடிய நிலையில்தான் இருந்தன. ஒரு காரின் டாஷ்போர்டு எலக்ட்ரானிக்ஸ் கெட்டு, ரிப்பேர் தேவைப்பட்டது. 25 கார்களில் விளக்கு மினுக்கியது போன்ற சில்லறைத் தொல்லைகள். எட்டு கார்கள் கண்டுகொள்ளவே இல்லை. 18 லாரிகளையும் பிக்கப்களையும் சோதித்ததில் மூன்று நின்றன. அவற்றில் ஒன்றை மட்டுமே கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

காரணம் எளிது. இ-1 துடிப்புக்கு நீளமான கம்பி வேண்டும். காரில் உள்ள ஒயர்கள் சில மீட்டர்தான். சுற்றிலும் தகரக் கூடு வேறு. ஆனால் இதைப் படித்து நிம்மதியாகத் தூங்கிவிடுவதும் சரியல்ல. சோதனைக்கு வந்தவை பெரும்பாலும் இரவல் வண்டிகள் என்பதால், கோளாறு தலைகாட்டியதுமே பல சோதனைகள் நிறுத்தப்பட்டன. தவிர, 2002க்குப் பின் வண்டிக்குள் புகுந்த கம்ப்யூட்டர்கள் ஏராளம். ஸ்டீயரிங், பிரேக், ஆக்ஸிலரேட்டர் என்று எல்லாவற்றுக்கும் இடையில் ஒரு சிப் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே பழைய என்ஜினைத் தேடுபவர் முழுக்க ஏமாளி அல்ல. எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் பிரச்சினை. டீசல் என்ஜினுக்குப் பொறி தேவையில்லை. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. பழைய டாடா லாரியிலும் மஹிந்திரா ஜீப்பிலும் அம்பாசடர் டீசலிலும் அந்த எரிபொருளை நாஸிலுக்குத் தள்ளுவது, என்ஜினே சுற்றிவிடும் ஒரு மெக்கானிக்கல் பம்ப். சிப்புக்கு அங்கே வேலையே இல்லை. வாங்கப் போகிறவர் கவனிக்க வேண்டியது, வண்டியை எப்படி அணைக்கிறார்கள் என்பதை. கம்பியை இழுத்து அணைத்தால் பிரச்சினை இல்லை. சாவியைத் திருப்பி அணைத்தால் பம்பில் ஒரு மின்வால்வு இருக்கிறது என்று அர்த்தம். அதுவும் பயப்பட வேண்டிய சங்கதி அல்ல. நல்ல மெக்கானிக் பாட்டரியிலிருந்து ஓர் ஒயரை நேராகக் கொடுத்து அதைத் திறந்து வைத்துவிடுவார். ஹீட்டர் பிளக்கும் செல்ஃப் மோட்டாரும் வெறும் கம்பிச்சுருள் சமாசாரம்தான். ஆல்டர்னேட்டரில் உள்ள டயோடும் ரெகுலேட்டரும் மட்டும் போகலாம். போனாலும் ஓடுகிற டீசல் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அணைத்துவிட்டால் நாலு பேர் சேர்ந்து தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பெட்ரோல் வண்டியில் பார்க்க வேண்டியவை கார்ப்பரேட்டரும் பிளாட்டினம் பாயிண்டும். வார்ப்பிரும்பு என்ஜின் கொண்ட பழைய புல்லட், ராஜ்தூத், எஸ்டி, பெட்ரோல் அம்பாசடர் ஆகியவை இந்த ரகம். பின்னாளில் வந்த ஆர்எக்ஸ்-100, ஸ்ப்ளெண்டர் போன்றவற்றில் பாயிண்டுக்குப் பதிலாக சிடிஐ என்ற எலக்ட்ரானிக் டப்பா வந்துவிட்டது. அது ரிப்பேர் ஆகாது, மாற்றத்தான் முடியும். உபரியாக ஒன்றை வாங்கி, இறுக மூடும் தகர டின்னில் போட்டு வைப்பது புத்திசாலித்தனம். பாயிண்ட் வண்டிக்காரர்கள் ஒரு கண்டன்சரையும் உப்புத்தாளையும் வைத்திருந்தால் போதும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பட்டியலில் உள்ள வண்டிகளைத்தான் சட்டம் காயலான் கடைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. தில்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவை 2018ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு நாடு முழுவதும் ரத்தாகத் தொடங்கியது. ராணுவம், காவல் பணிகளுக்கான சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. பழைய ஜீப்புகளுக்கு அந்தச் சலுகை இல்லை. தவறு என்று சொல்லிவிட முடியாது. தில்லியின் புகை ஒவ்வொரு குளிர்காலத்திலும் நெஞ்சை அடைக்கிறது. மின்காந்தத் துடிப்பு இன்னும் யாருடைய நெஞ்சையும் அடைக்கவில்லை. ஆனாலும் மாவட்டத்துக்கு நாலு ஜீப்பை ஷெட்டில் எண்ணெய் போட்டு வைப்பதால் காற்று கெட்டுவிடாது. தண்ணீர் லாரியும் ஆம்புலன்ஸும் ஒரே நாளில் மக்கர் செய்தால் கலெக்டர் எதில் ஏறிப் போவார் என்று யாராவது கேட்டு வைப்பது நல்லது.

அணுகுண்டை விடவும் நடக்கக்கூடியது சூரியப் புயல். 1989 மார்ச்சில் அப்படி ஒன்று கனடாவின் கியூபெக் மாநில மின்தொகுப்பை ஒன்றரை நிமிடத்தில் சாய்த்து, 60 லட்சம் பேரை சுமார் ஒன்பது மணி நேரம் இருட்டில் உட்கார வைத்தது. 2024 மே மாதப் புயலின்போது லடாக்கின் ஹான்லே வானமே சிவந்தது. சூரியப் புயலில் இ-1 கிடையாது. இ-3 போன்ற மந்தமான பகுதி மட்டும்தான். அதாவது மின்சாரம் போகலாம், காருக்கு ஒன்றும் ஆகாது. நேற்று வாங்கிய வண்டியும் 1975 மாடலும் ஒன்றுபோலக் கிளம்பும். கிளம்பி நேராக பெட்ரோல் பங்குக்குப் போய் வரிசையில் நிற்கும்.

சிக்கலே அங்கேதான். பங்கின் எரிபொருள் பூமிக்கடியில் இருக்கிறது. மேலே கொண்டுவர மின்மோட்டார் வேண்டும், அளந்து ஊற்ற எலக்ட்ரானிக் மீட்டர் வேண்டும். 2012 ஜூலை 31ல் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் சாய்ந்து 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் மின்சாரமின்றித் தவித்தார்கள். அது ஒரு நாளில் சரியானதால் ஜெனரேட்டர்கள் தாக்குப்பிடித்தன. வாரக்கணக்கில் நீடித்தால், முதலில் ஜெனரேட்டருக்கே டீசல் தேட வேண்டியிருக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் லாரிகளில் பலவற்றுக்கு டீசலோடு யூரியாக் கரைசலும் வேண்டும். அது தீர்ந்தால் கம்ப்யூட்டர் என்ஜினின் கழுத்தைப் பிடித்துவிடும். பழைய டீசலுக்கு இந்த நாசூக்கு இல்லை. 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் என்ஜின் கடலை எண்ணெயிலேயே ஓடிக் காட்டியது.

இந்தக் கோணத்தில் பார்த்தால், தேடி அலைய வேண்டிய வண்டி காரே அல்ல, டிராக்டர். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குத்தான் 2023 ஜனவரியில் கடுமையான புகை விதிகள் வந்தன. எலக்ட்ரானிக் எரிபொருள் அமைப்பும் கூடவே வந்தது. அதற்குக் கீழே உள்ளவை, அதாவது நாட்டில் விற்றவற்றில் பெரும்பாலானவை, மெக்கானிக்கல் பம்புடனேயே தொடர்ந்தன. டிரெய்லரை மாட்டினால் நெல்லும் போகும், தண்ணீர்த் தொட்டியும் போகும், பிரசவ வலியில் துடிப்பவரும் போகலாம். வேகம் மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

சட்டமும் இங்கே டீசல் பக்கம்தான். 1934 பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கென்றால், லைசென்ஸ் இல்லாமல் ஒருவர் வைத்திருக்கக்கூடிய பெட்ரோல் 30 லிட்டர். டீசல் என்றால் 2,500 லிட்டர் வரை. ஒரு கலத்தில் 1,000 லிட்டருக்கு மேல் போகாமல் இருந்தால் சரி. 200 லிட்டர் பீப்பாய் ஒன்றும் ஒரு கைப்பம்பும் இருந்தால், மணிக்கு நாலைந்து லிட்டர் குடிக்கும் நடுத்தர டிராக்டர் 40 மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். பீப்பாயின் அடியில் தண்ணீர் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை பழையதை ஓட்டித் தீர்த்துவிட்டு, புதியதை ஊற்றி வைக்க வேண்டும்.