நீலம் தெரியாத தோல்

பிள்ளைக்கு மூச்சு இளைக்கிறது என்று காலனித் தாய் ஒருத்தி சொன்னால், எங்கள் கீரப்பாளையம் பக்கத்தில் அவளுக்கு மூன்று பதில்கள் கிடைக்கும். சளி என்பார்கள். தோஷம் என்பார்கள். உனக்குப் பால் கொடுக்கத் தெரியவில்லை என்பார்கள். இதயத்தில் கோளாறு இருக்குமோ என்று யோசிப்பவர்கள் குறைவு.

இது அரிய நோயல்ல. ஏறத்தாழ 100 குழந்தைகளில் ஒன்று இதயக் குறைபாட்டோடு பிறக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேல் என்பது மதிப்பீடு. அவர்களில் ஐந்தில் ஒரு பங்கினருக்கு முதல் பிறந்தநாளுக்குள் சிகிச்சை கிடைத்தாக வேண்டும்.

இதயத்தின் நடுச்சுவரில் பெரிய ஓட்டை இருந்தால், இரத்தம் அளவுக்கு மீறி நுரையீரலுக்குப் பாயும். பால் குடிக்கும்போதே பிள்ளைக்கு நெற்றி வியர்க்கும். விட்டு விட்டுக் குடிக்கும். எடை ஏறாது. விலா உள்ளே இழுக்கும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் அது ஆபத்தின் அறிகுறி. என் அக்கா பிள்ளைக்கு இத்தனையும் இருந்தது. மூன்று முறை தூக்கிக்கொண்டு போனோம். மூன்று முறையும் பிள்ளையைத் தொடாமலேயே சளி மருந்து எழுதிக் கொடுத்தார்கள். நான்காவது முறை வேறொரு மருத்துவர்தான் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார்.

இன்னொரு வகைக் குறைபாட்டில் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும். வெள்ளைத் தோலில் சட்டென்று தெரியும் அந்த நீலம், கறுத்த தோலில் அப்படித் தெரியாது. நாக்கையும் ஈறையும் பார்க்க வேண்டும். அதற்குப் பிள்ளையை அருகில் வாங்கி, வாயைத் திறந்து பார்க்க மனம் வேண்டும்.

இந்த 'நீலக் குழந்தை'களுக்கான முதல் அறுவை 1944இல் அமெரிக்காவில் நடந்தது. அதைச் சோதனைக்கூடத்தில் உருவாக்கிப் பழகி, அறுவையின்போது மருத்துவரின் பின்னால் நின்று வழிசொன்னவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பினத்தவர். 1945இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயரே இல்லை. யாருடைய கை என்பதை மறைக்கும் சமூகம், யாருடைய பிள்ளை என்று பார்த்தும் நடந்துகொள்ளும்.

2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்திய அளவில் பட்டியல் சாதியினரிடையே பிறக்கும் 1000 குழந்தைகளில் 45 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அல்லாத பிரிவினரில் அது 32.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, அது நம் உரிமை. ஆனால் நோய் இன்னதென்று கண்டுபிடித்த பிறகுதான் காப்பீடு உதவும். அதன் பிறகும், கடலூர் தாண்டிப் புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னை எழும்பூருக்கோ அலையும் நாட்களில் நடவுக் கூலியை யார் தருவார்கள்?

பிறந்து 24 மணி நேரம் கழித்து, வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். ஆக்சிஜன் அளவு 95க்குக் கீழே இருந்தால் மேல்பரிசோதனை வேண்டும். கறுத்த தோலில் அந்தக் கருவியும் சில நேரம் கூட்டிக் காட்டுவதுண்டு, ஓட்டை உள்ள எல்லாப் பிள்ளைகளையும் அது பிடித்துவிடாது. ஆனாலும் கண்ணுக்குத் தப்புவதில் பலவற்றைப் பிடிக்கும். கருவிக்குச் சாதி தெரியாது.

எனவே நம் கோரிக்கைகள் இவை: ஒவ்வொரு பிரசவ வார்டிலும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கு. அளவைத் தாய் சேய் நல அட்டையில் எழுதிக் கொடு. சிகிச்சைக்கு அலையும் நாட்களுக்குக் கூலி இழப்பை ஈடுகட்டு. தோழர்களே, உங்கள் தெருவில் பிள்ளை பிறந்தால், வீடு திரும்பும் முன் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.