பழையதில் எதனை வைத்துக்கொள்வது?

பழுதுற்ற இயந்திரம் ஒன்றைப் பிரித்து மேசைமீது பரப்பிவிடுதல் எளிது. அவற்றுள் எதனைத் திரும்பப் பூட்டலாம், எதனைக் கழித்துவிடவேண்டும் என்று தீர்மானிப்பதே அரிது. இவ்வரிய வேலைக்குச் சிறந்த உதாரணமாகச் சுழலி இயந்திரத்தைச் சொல்லலாம்.

ஜெர்மானியரான பீலிக்ஸ் வாங்கெல் வகுத்த இவ்வியந்திரம் 1957ஆம் ஆண்டில் முதன்முதலாக ஓடியது. ஏறி இறங்கும் பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவான சுழலி ஒன்று, இடை சிறுத்த கூட்டினுள் சுழல்கின்றது. முக்கோணத்தின் முனைகள் மூன்றிலும் மெல்லிய சீல்கள் பொருந்திக் கூட்டின் உட்சுவரை உராய்ந்தவண்ணம் செல்லும். இயந்திரத்தின் உயிர் இம்முனைச் சீல்களிலேதான் இருக்கின்றது. 1967இல் வெளிவந்த என்.எஸ்.யூ. ரோ 80 கார் பெயர் கெட்டதும் இவை விரைவில் தேய்ந்தமையாலேயே. ஹிரோஷிமாவில் மஸ்டா பொறியியலாளர் கூட்டின் சுவரிலே கண்ட வரிவரியான தழும்புகளைப் 'பிசாசின் நகக்கீறல்' என்றே அழைத்தனர்.

மஸ்டாவின் ஆர்.எக்ஸ். 7 கார்களிற் பொருத்தப்பெற்ற 13பி இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். இதிலே சுழலிகள் இரண்டு. முனைச் சீல்கள் ஆறு. பக்கச் சீல்கள் பன்னிரண்டு. மூலைச் சீல்கள் பன்னிரண்டு. பிரித்த பாகங்களை மூன்று வகையாகப் பகுத்தல் நலம்.

முதலாவது வகை, யோசியாமலே மாற்றவேண்டியவை. றப்பர் வளையங்கள், நீர் கசியாது காக்கும் சீல்கள், சீல்களை உந்தி நிற்கும் சிறு வில்கள் ஆகியன இதில் அடங்கும். வெப்பத்தால் றப்பர் இறுகும், வில் தளரும். சாதாரண இயந்திரத்திலே மேல்மூடியைக் கழற்றிச் சில குறைகளைத் திருத்தலாம். இதிலோ தட்டுகளும் கூடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு நீண்ட ஆணிகளால் இறுக்கப்பட்டுள்ளன. ஆதலின், ஒரு றப்பர் வளையம் கெட்டாலும் முழுவதையும் மீண்டும் பிரிக்கவேண்டும்.

இரண்டாவது வகை, அளந்தபின் தீர்ப்புக் கூறவேண்டியவை. பக்கச் சீலுக்கும் மூலைச் சீலுக்கும் இடைவெளி புதிதில் 0.05 முதல் 0.15 மில்லிமீற்றர் வரை இருக்கும், 0.40ஐத் தாண்டினால் ஆகாது. பக்கத் தட்டிலே சீல் உராய்ந்த படிவு 0.10 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது. இவற்றை வெறுங்கண்ணால் மதிப்பிடல் இயலாது. திரும்பப் பூட்டும் சீல் ஒவ்வொன்றும் தான் இருந்த இடத்துக்கே செல்லவேண்டும். ஆகவே கழற்றும்போதே அடையாளமிடுதல் அவசியம்.

மூன்றாவது, பணப்பையைச் சோதிக்கும் பாகம்: அலுமினியக் கூடு. அதன் உட்சுவரிலே குரோமிய முலாம் இடப்பட்டிருக்கும். பிஸ்டன் இயந்திரத்தின் உருளையைப்போல் இதனைக் கடைந்து பெரிதாக்கல் இயலாது. விளிம்பிலே முலாம் பெயர்ந்திருந்தாலோ, சுவரிற் படும் நகம் பள்ளத்தில் இடறினாலோ, அக்கூட்டின்மீது நம்பிக்கை வைத்தல் தகாது.

இங்கேதான் பலரும் தடுமாறுவர். கூட்டின் விலைக்கு அஞ்சி, பெயர்ந்த கூட்டிலே புதிய சீல்களைப் பூட்டுவர். கரடான சுவர் புதிய சீலை அரித்துவிடும். சீல் முறிந்தாலோ அதன் துண்டு சுழலியைச் சிதைத்து, புகைவழியே வெளியேறும்போது டேர்போவின் இறகுகளையும் கெடுக்கும். சேமித்த பணத்தினும் பன்மடங்கு செலவு வந்து சேரும். இரண்டையும் வாங்கப் பணம் போதாதாயின், பணம் சேரும்வரை வேலையை நிறுத்திவைத்தலே சிக்கனம்.

எல்லாவற்றையும் புதிதாக வாங்குவதும் அறிவுடைமையாகாது. அளவுக்குள் நிற்கும் நல்ல தட்டையும் தண்டையும் வீசியெறிவது வீண்செலவே. ஒரு பாகத்தைப்பற்றி ஐயம் எழுந்தால், மாணவர்கள் இரு வினாக்களை எழுப்புதல் வேண்டும்: இது கெட்டால் தன்னோடு நிற்குமா, பிறவற்றையும் கெடுக்குமா? பின்னர் இதனை மட்டும் மாற்றுதல் இயலுமா, முழுவதையும் பிரிக்க நேருமா? இவற்றுக்கு விடை கண்டபின் விலையைப் பார்க்கலாம்.