எச்பிவி மட்டும் போதாதா? கருப்பைவாய் புற்றுநோயில் 'கூட்டாளி' வைரஸ்களின் பங்கு என்ன?

திண்டுக்கல் மாவட்ட கிராமங்களில் திருமணமான 1,891 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2005-ல் வெளியானது. அதில் 16.9 சதவீதம் பேரிடம் எச்பிவி வைரஸ் இருந்தது. அதாவது நூற்றுக்கு 17 பேர். ஆனால், இந்த 17 பேருக்கும் புற்றுநோய் வரப்போவதில்லை. பெரும்பாலானவர்களின் உடம்பு ஓரிரு வருடங்களில் வைரஸை தானாகவே விரட்டிவிடும். அப்போ சிலருக்கு மட்டும் ஏன் போகாமல் தங்கிவிடுகிறது?

சந்தேகப் பட்டியலில் இருப்பது, அதே நேரத்தில் உடம்பில் இருக்கும் இன்னொரு வைரஸ்.

யார் முக்கிய குற்றவாளி?

அதில் குழப்பம் இல்லை. எச்பிவிதான். அதன் இ6, இ7 புரதங்கள் செல் வளர்ச்சிக்கு இருக்கும் 'பிரேக்'கை செயலிழக்க வைக்கின்றன. எச்பிவி இல்லாமல் இந்தப் புற்றுநோய் வருவது மிக அரிது.

எச்ஐவி கூட இருந்தால்?

இதற்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது. எச்ஐவி உள்ள பெண்களுக்கு கருப்பைவாய் புற்றுநோய் அபாயம் சுமார் 6 மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எச்பிவி தொற்று புற்றுநோயாக மாற பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எதிர்ப்பு சக்தி குறைந்து, சிகிச்சையும் எடுக்காமல் இருந்தால் 5 முதல் 10 ஆண்டுகளே போதும்.

ஹெர்பிஸ் கதை வேறு

1970-களில் பிறப்புறுப்பு ஹெர்பிஸ்தான் காரணம் என்று பலர் நம்பினார்கள். 1983-ல் ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன் குழு, புற்றுநோய் திசுவில் எச்பிவி 16-ஐ கண்டறிந்தது. 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் ஹெர்பிஸ் முழுசாக விடுதலையாகவில்லை. 7 நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த 2002-ம் ஆண்டு ஆய்வில், எச்பிவியோடு ஹெர்பிஸும் இருந்த பெண்களுக்கு அபாயம் சுமார் இரண்டு மடங்காக இருந்தது. புண், அழற்சி வழியாக எச்பிவிக்கு இது வழிவிடலாம் என்பது விளக்கம். அதே ஆண்டு நார்டிக் நாடுகளில் நடந்த இன்னொரு ஆய்வு, அப்படி தொடர்பே இல்லை என்றது. எனவே ஹெர்பிஸ் வந்தாலே கேன்சர் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி பயப்பட வேண்டாம்.

எப்ஸ்டீன்-பார் வைரஸும் சில கட்டிகளில் காணப்பட்டிருக்கிறது. ஆனால் இது பெரும்பாலான பெரியவர்களின் உடம்பில் ஏற்கெனவே இருக்கும் வைரஸ். இருந்தது என்பதற்காக, அதுதான் செய்தது என்று சொல்லிவிட முடியாது.

திண்டுக்கல் காட்டிய வழி

எந்த வைரஸ் துணைக்கு இருந்தாலும், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தை கண்டுபிடித்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். 2000-ல் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் இது சோதிக்கப்பட்டது. அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையும் அடையாறு புற்றுநோய் நிலையமும் அதில் பங்கேற்றன. பயிற்சி பெற்ற நர்ஸ்கள், வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை தடவி கருப்பைவாயை கண்ணால் பார்த்தார்கள். அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள். ஒரே ஒரு முறை சோதனைதான். 2007-ல் லான்செட் இதழில் முடிவு வந்தபோது, இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் இருந்த பெண்களுக்கு இந்தச் சோதனையை வழங்காதது சரியா என்ற விமர்சனமும் எழுந்தது. நியாயமான கேள்விதான்.

இவ்வளவுக்குப் பிறகும், 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்தவர்கள் 9.8 சதவீதம்தான். நாடு முழுக்க 1.9 சதவீதம்.

பரிசோதனையை 30 வயதிலும், எச்ஐவி இருப்பவர்கள் 25 வயதிலும் தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். எச்பிவி டெஸ்ட் என்றால் 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை. எச்ஐவி இருந்தால் 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை. தடுப்பூசி போட்டவர்களுக்கும் இது பொருந்தும்.