புனித மிக்கேலின் கூடைப்பந்தும் நாங்கள் சொல்லாமல் விட்ட ஒரு பெயரும்



ஓகஸ்ட் மாதம் வந்தால் எங்கள் ஊர்களில் எல்லோருக்கும் மனது கனத்துவிடும். 3ஆம் திகதி காத்தான்குடி, 12ஆம் திகதி ஏறாவூர். 1990இல் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களையும் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தவர்களையும் விடுதலைப் புலிகள் கொன்ற நாட்கள். இரண்டு ஊரிலும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஷஹீதானார்கள். அப்போது நாங்கள் கைக்குழந்தைகள், எங்களில் சிலர் பிறக்கவே இல்லை. ஆனாலும் உம்மாவும் வாப்பாவும் சொல்லிச் சொல்லி, கண்ணால் கண்டது மாதிரியே மனதில் பதிந்துவிட்டது.

அதே ஓகஸ்டில் 15ஆம் திகதி என்று ஒன்று இருக்கிறது. அதை எங்கள் வகுப்பறைகளில் நாங்கள் சொல்வதில்லை. இந்தப் பதிவு அதைப் பற்றியது. ஆனால் கூடைப்பந்தில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

போன தவணை, விளையாட்டுப் போட்டி முடிந்த கையோடு தரம் 10 மாணவன் ஒருவன் எங்களிடம் கேட்டான்: "சேர், பாஸ்கட் போல் எண்டா ஏன் எப்பவும் மிக்கேல்காரங்கட பேர்தான் வருது?" நாங்கள் பதில் சொல்வதற்குள் பின்வாங்கில் இருந்து ஒருவன், "அவங்க உசரம்டா" என்றான். வகுப்பே சிரித்தது.

அந்தப் பதில் பிழை. மட்டக்களப்பு வாவியின் இந்தக் கரைப் பிள்ளைகளும் அந்தக் கரைப் பிள்ளைகளும் ஒரே மீனையும் ஒரே சோற்றையும் தின்று வளர்ந்தவர்கள்தான். உயரத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

புளியந்தீவில் உள்ள புனித மிக்கேல் கல்லூரி 1873இல் தொடங்கியது. அங்கே கற்பிக்க அமெரிக்காவின் தென்பகுதியில் இருந்து இயேசு சபைத் துறவிகள் பலர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் பாதர் இயூஜின் ஜோன் ஹெபர்ட். 1923இல் லூசியானா மாநிலத்தில் ஜெனிங்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1948இல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும், மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்பித்தார். பாடம் முடிந்ததும் பந்தைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்குப் போகிற ரகம். அவர் பழக்கிய அணிகள் கொழும்பின் பெரிய பெரிய பாடசாலைகளைத் தோற்கடித்து அகில இலங்கை மட்டத்தில் வென்றன. அந்தக் காலத்தில் மட்டக்களப்பில் இருந்து கொழும்புக்குப் போவதென்றால் ரயிலில் ஓர் இரவு. இரவு முழுக்கக் குந்தியிருந்து போய், அடுத்த நாள் ஆடி, வென்று வருவதென்றால் அது சின்ன விசயம் இல்லை.

ஆசிரியர்களாகிய எங்களுக்கு இந்த விளையாட்டில் இன்னொரு சொந்தமும் உண்டு. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டில் இதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித், ஒரு பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்வி கற்பித்தவர். குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களை உள்ளே ஆட வைக்க, பழக்கூடை இரண்டை உள்ளரங்க மாடத்தின் கைப்பிடியில் மாட்டினார். வகுப்பைச் சமாளிக்க ஒரு ஆசிரியர் யோசித்த யோசனைதான் உலகம் முழுக்கப் பரவியது.

மிக்கேல் கூடைப்பந்தின் கதையும் எங்களுக்கு ஆசிரியத் தொழிலின் கதையாகத்தான் தெரிகிறது. ஓர் ஆள் வந்தார், தங்கினார், திரும்பிப் போகவில்லை. அவரிடம் ஆடிப் பழகியவர்கள் தங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்குப் பழக்கினார்கள். போர் வந்தது, ரயில் நின்றது, பாதை மூடியது. ஆனாலும் மட்டக்களப்பில் அந்தப் பந்து நிற்கவில்லை. எங்கள் காலத்தில் தேசிய அணிக்கு ஆடிய திமோத்தி நிதுஷனும் அந்தக் கல்லூரியின் பிள்ளைதான்.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுபதுகளில் மிக்கேலில் படித்தவர். அந்த மாணவனின் கேள்வியை வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று ஆசிரியர்கள் ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு அவரிடம் போனோம். சைக்கிளில் கல்லடிப் பாலத்தைக் கடந்து பள்ளிக்கூடம் போன கதையைச் சொன்னார். "அந்தக் கோட்டுக்குள்ள ஒருத்தனும் என்னை சோனகப் பொடியன் எண்டு கூப்பிட்டதில்ல புள்ளைகள். பந்தைத் தா, பந்தைத் தா எண்டுதான் கத்துவானுகள்" என்று சிரித்தார். பாதர் ஹெபர்ட்டைப் பற்றிக் கேட்டோம். சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த மனிசன் எங்கட பக்கத்தாலதான் வந்தவராம்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது.

1990இல் பாதர் ஹெபர்ட்டுக்கு 66 வயது. மட்டக்களப்பில் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தின் பணிப்பாளராக இருந்து, இளைஞர்களுக்குக் கைத்தொழில் பழக்கிக்கொண்டிருந்தார். ஏறாவூரில் எங்கள் மக்கள் கொல்லப்பட்டு மூன்று நாள். பழிக்குப் பழி என்று இரண்டு பக்கத்திலும் அப்பாவிகள் மடிந்துகொண்டிருந்த நேரம். வாழைச்சேனையில் கலவரத்துக்குள் அகப்பட்டிருந்த கன்னியாஸ்திரிகளுக்கு உதவப் போனவர், ஓகஸ்ட் 15ஆம் திகதி மோட்டார் சைக்கிளில் மட்டக்களப்புக்குத் திரும்பினார். கூடவே பேர்ட்ரம் பிரான்சிஸ் என்ற தமிழ்ப் பொடியன். வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்கு வருகிற பாதை ஏறாவூருக்குள்ளால்தான் வரும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இருவரும் வந்து சேரவில்லை. உடல்கள் கிடைக்கவில்லை. யார் செய்தது என்று எந்த நீதிமன்றமும் இன்றுவரை சொல்லவில்லை.

இங்கே நாங்கள் யார் மீதும் கை நீட்டவில்லை. ஆதாரம் இல்லாமல் ஒரு ஊரையோ ஒரு சமூகத்தையோ குற்றம் சொல்வது பாவம், அதை எங்கள் மீது மற்றவர்கள் செய்தபோது எப்படி வலித்தது என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் கேள்வி எங்களைப் பற்றியது. எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை நாங்கள் ஏன் சொல்லவில்லை?

சிலர் கேட்பீர்கள்: "எங்கட ஷஹீத்களுக்கே நீதி கிடைக்கல்ல, அதுக்குள்ள நீங்க பாதருக்கு அழவா வந்தீங்க?" நியாயமான கேள்விதான். அந்த நீதியை நாங்களும் கேட்கிறோம், கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் ஜனாஸா இல்லாத மரணம் என்றால் என்ன என்று இந்த மாவட்டத்தில் எங்களைவிட யாருக்குத் தெரியும்? அதே 1990இல் ஜூலை மாதம் குருக்கள்மடத்தில் கடத்தப்பட்ட எங்கள் உறவுகளின் கபுறு எங்கே என்று இன்றும் குடும்பங்கள் கேட்கின்றன. அடுத்த செப்டெம்பரில் வந்தாறுமூலையிலும் சத்துருக்கொண்டானிலும் நூற்றுக்கணக்கான தமிழ் மக்களுக்கு நடந்ததும் அதே மாதிரியான கொடுமைதான். தொழுவிக்க ஜனாஸா இல்லாமல் காத்திருக்கும் ஒரு தாயின் வேதனையை அறிந்தவர்கள், லூசியானாவில் காத்திருந்த ஒரு குடும்பத்தின் வேதனையையும், பேர்ட்ரம் பிரான்சிஸின் வீட்டாருடைய வேதனையையும் அறிய மாட்டார்களா? ஓர் உயிரின் பெறுமதியை நம் மார்க்கம் ஊர் பார்த்தோ இனம் பார்த்தோ சொல்லித் தரவில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் மரணங்களை மட்டும் சொல்லி வளர்க்கிறோம். அவர்களும் தங்கள் பிள்ளைகளுக்கு அவர்களுடைய மரணங்களை மட்டும் சொல்லி வளர்க்கிறார்கள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் காண்பதோ குறைவு. எங்கள் பாடசாலைகள் பெரும்பாலும் மட்டக்களப்பு மத்தி வலயத்தில், மிக்கேல் மட்டக்களப்பு வலயத்தில். வலய மட்டப் போட்டியில் எங்கள் பிள்ளை எங்கள் பிள்ளையோடுதான் ஆடுவான். மாகாண மட்டத்துக்குப் போனால்தான் அவர்களைக் காண்பான். இதற்கு நிர்வாகக் காரணங்கள் இருக்கின்றன, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வலயம் பிரிந்திருக்கிறது என்பதற்காக பந்தும் பிரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே மூன்று விசயம் கேட்கிறோம்.

ஒன்று, எங்கள் பாடசாலைகளில் கூடைப்பந்தைத் தொடங்குவோம். காணிக்கு வழியில்லை என்று சொல்ல வேண்டாம். கூடைப்பந்து கோட் 28 மீற்றர் நீளம், 15 மீற்றர் அகலம். ஓர் உதைபந்து மைதானம் பிடிக்கிற இடத்தில் 15 கோட்டுக்கு மேல் போடலாம். வீட்டோடு வீடு ஒட்டியிருக்கும் எங்கள் ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு கிடையாது. முழுக் கோட் முடியாவிட்டால் அரைக் கோட், ஒரு வளையம், 3.05 மீற்றர் உயரம். மதரஸாவும் ரியூஷனும் இருக்கிறதே என்றால், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் வாரத்தில் இரண்டு நாள் போதும்.

இரண்டு, பழக்குகிற ஆளை ஓர் இடத்தில் இருக்க விடுவோம். ஒரு ஆசிரியர் அணியை உருவாக்கி முடிக்க முன்னரே இடமாற்றம் வருகிறது. பரீட்சை வந்தால் முதலில் பறிபோவது உடற்கல்விப் பாடவேளை. இதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. கணித பாடத்துக்கு அந்த நேரத்தைக் கேட்டு வாங்கிய ஆசிரியர்களில் நாங்களும் உண்டு. பாதர் ஹெபர்ட் கிழக்கில் இருந்தது 42 வருடம். எங்கள் பாடசாலை ஒன்றில் ஒரு பயிற்றுநர் 10 வருடம் இருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்று, புளியந்தீவுப் பாடசாலைகளோடு பேசி, வருடத்தில் ஒரு தடவையாவது இரண்டு பக்கப் பிள்ளைகளையும் கலந்து அணி பிரித்து ஆட வைப்போம். காத்தான்குடிப் பிள்ளையும் மிக்கேல் பிள்ளையும் ஒரே நிறச் சேட்டில் ஆடட்டும். தோற்றாலும் பரவாயில்லை. முதல் சில வருடம் எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல அடி விழும், அதுவும் படிப்புத்தான்.

அந்த மாணவனுக்கு நாங்கள் பதில் சொன்னோம். உயரம் காரணம் இல்லை மகன், ஓர் ஆள் 42 வருடம் இருந்ததுதான் காரணம் என்றோம். அவர் பெயரைச் சொன்னோம். அவர் எப்படிக் காணாமல் போனார் என்பதையும் சொன்னோம். வகுப்பு அமைதியாக இருந்தது. பின்வாங்கில் சிரித்தவன்தான் கேட்டான்: "அப்ப அவர்ட ஜனாஸா, சேர்?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அவரோடு ஆடியவர்கள், அவரிடம் படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால், கீழே உங்கள் நினைவுகளை எழுதுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.